கூலிம் வட்டாரத் தோட்டப் பெண்கள்: கடல் கடந்து வந்த உழைப்பின் வரலாறு

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செபராங் பிறையை ஒட்டி அமைந்திருக்கிறது கூலிம் மாவட்டம். மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த கூலிம் ஹைடெக் பூங்காவால் இன்று அறியப்படும் இவ்வட்டாரம், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களின் நிலமாக இருந்தது. பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் என விரிந்து கிடந்த தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் மூன்று நான்கு தலைமுறைகளாகப் பால் வெட்டினார்கள், களை எடுத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள்.

பிரிட்டிஷ் பேரரசு தன் குடியேற்றங்களுக்குப் பெண்களைக் கடல் கடத்திய நீண்ட வரலாற்றில் இவர்களும் ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவுக்குப் பெண்கள் கைதிகளாகச் சென்றனர். பினாங்குக்கும் அந்தமானுக்கும் இந்தியப் பெண்கள் கைதிகளாகவே அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்கள் குற்றவாளிகள் அல்லர். வறுமை துரத்த வந்த தொழிலாளர்கள். ஆயினும் இந்த எல்லா இடங்களிலும் ஆட்சியாளர்களின் கணக்கு ஒன்றாகவே இருந்தது. பெண் குறைந்த செலவில் வேலை செய்வாள். அவள் இருந்தால் ஆண்களும் ஓரிடத்தில் தங்குவார்கள். இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டால்தான் தோட்டப் பெண்களின் வரலாறு முழுமையாகப் புரியும்.

கைதிகளாக வந்த பெண்கள்

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். இப்பெண்களில் பெரும்பாலோர் துணி, பாத்திரம், சிறு பணம் போன்றவற்றைத் திருடியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஏழைகள்; வீட்டு வேலைக்காரிகளாக இருந்தவர்கள் அவர்களில் ஏராளம். சிட்னியிலும் ஹோபார்ட்டிலும் இறங்கியவர்கள் குடியேறியவர்களின் வீடுகளுக்குப் பணிப்பெண்களாக ஒதுக்கப்பட்டார்கள். வேலை கிடைக்காதவர்களும் மீண்டும் தண்டனை பெற்றவர்களும் பரமட்டா போன்ற ஊர்களில் இருந்த பெண்கள் தொழிற்கூடங்களில் அடைக்கப்பட்டு நூல் நூற்றார்கள், துணி வெளுத்தார்கள். அங்கிருந்த பெண்களை மணக்க விரும்பிய ஆண்கள் அனுமதி பெற்று வந்து துணை தேடிக்கொள்ளவும் வழி இருந்தது.

இதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியக் கைதிகளை வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு அனுப்பியது. 1786 இல் கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்த பினாங்குத் தீவைப் பிரான்சிஸ் லைட் கம்பெனியின் பெயரால் கைப்பற்றினார். எதிர்க்கரை நிலமான செபராங் பிறை 1800 இல் கம்பெனியின் கைக்கு வந்தது. காடாகக் கிடந்த இடத்தில் சாலை போடவும், சதுப்பு வடிக்கவும், கட்டடம் எழுப்பவும் வங்காளம், மதராஸ், பம்பாய் மாகாணங்களின் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1796 இல் அந்தமானின் முதல் குடியேற்றம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கு மாற்றப்பட்டார்கள். சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டபின், 1825 இல் அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இக்கைதிகளில் பெண்கள் மிகச் சிலரே. ஆண் கைதிகளின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் ஆவணங்களில் பெயர் பெற்றுள்ளன. பெண் கைதிகளின் தையலும் துப்புரவுப் பணியும் சமையலும் அப்படிப் பதிவாகவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கைதிகளை அனுப்பும் வழக்கம் 1860களில் நின்றது. மீதமிருந்த கைதிகள் 1873 இல் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். 1858 இல் மீண்டும் தொடங்கப்பட்ட அந்தமான் கைதிக் குடியேற்றத்தில், நன்னடத்தை காட்டிய ஆண் கைதி பெண்கள் சிறையிலிருந்து மனைவியைத் தேர்ந்துகொள்ள அரசே ஏற்பாடு செய்தது. குடும்பம் அமைந்தால் குடியேற்றம் அமைதியாக இருக்கும் என்பதே அதன் நோக்கம். பரமட்டாவில் நடந்ததும் அந்தமானின் போர்ட் பிளேரில் நடந்ததும் அடிப்படையில் ஒன்றே.

சஞ்சிக்கூலிகள்

கைதி உழைப்பு குறைந்துவந்த காலத்தில் ஒப்பந்த உழைப்பு பெருகியது. 1840களிலிருந்து செபராங் பிறையில் ஐரோப்பியர்கள் கரும்புத் தோட்டங்களை விரிவாக்கினார்கள். அவற்றில் வேலை செய்ய நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்கள் கப்பலேறினார்கள். சஞ்சிக்கூலிகள் என்று அழைக்கப்பட்ட இவர்கள், கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் கடனாகச் சுமந்து வந்தவர்கள். அக்கடன் தீரும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை, முதலாளியை விட்டு அகல முடியாது. வேலைக்கு வர மறுப்பதும் தோட்டத்தைவிட்டு ஓடுவதும் குற்றங்கள், தண்டனை சிறை. உழைப்பாளிக்கும் கைதிக்கும் இடையே இருந்த கோடு இங்கே மிக மெல்லியது. 1873 இல் செபராங் பிறையின் மலாக்கோப் தோட்டத்தில் தொழிலாளர்கள் கொடுமைப்படுத்தப்பட்டது பற்றி அரசு விசாரணை நடத்த வேண்டியிருந்தது.

சஞ்சிக்கூலிகளில் பெண்கள் சிறுபான்மையினர். கணவனோடு வந்தவர்களும், விதவைகளும், வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆண்களையே பெரிதும் நாடிய முதலாளிகள், பெண்களுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பிள்ளைப்பேற்றின்போதும் நோயின்போதும் கூலி இல்லை. கடன் மட்டும் வளர்ந்தது. மலாயாவில் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் 1910 இல் நிறுத்தப்பட்டன. வேலையை விட்டதற்காகச் சிறையிலடைக்கும் விதிகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கின.

கங்காணி காலமும் கூலிம் தோட்டங்களும்

1909 வரை கெடா சயாமின் மேலாண்மையில் இருந்தது. அவ்வாண்டு ஏற்பட்ட ஆங்கிலேய-சயாமிய உடன்படிக்கையால் அது பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. கார் தொழில் வளர்ந்து ரப்பர் விலை ஏறிய காலம் அது. செபராங் பிறைக்கு அருகில், பினாங்குத் துறைமுகத்துக்கு எளிதாகச் சரக்கு அனுப்பக்கூடிய தொலைவில் இருந்த தென்கெடா தோட்டக்காரர்களுக்கு ஏற்ற இடமாயிற்று. கூலிம் வட்டாரத்தில் விக்டோரியா, ஹென்ரியேட்டா, பாடாங் மேஹா, டப்ளின் முதலிய தோட்டங்கள் பெயர் பெற்றன. கெடாவில் 1911 இல் ஏறத்தாழ 6,000 ஆக இருந்த இந்தியர் தொகை 1921 இல் 33,000 அளவுக்கு உயர்ந்தது. 1931 இல் 50,000 ஐத் தாண்டியது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

இவர்களைக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரை நிர்வாகம் உரிமம் கொடுத்து ஊருக்கு அனுப்பும். அவர் தன் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உறவினரையும் சாதியினரையும் திரட்டிக்கொண்டு வருவார். ஆள் சேர்த்ததற்குத் தரகும், வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் தினசரித் தலைக்காசும் அவருக்கு உண்டு. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்கள் இவ்வாறு புறப்பட்டன. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்கி, கப்பலின் மேல்தளத்தில் ஒரு வாரம் அளவுக்குப் பயணம் செய்து, பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னர் தோட்டம் சேர்ந்தார்கள்.

கங்காணி முறையில்தான் பெண்களின் வரவு கூடியது. குடும்பமாக வருபவர்கள் எளிதில் வேறு தோட்டத்துக்கு ஓடமாட்டார்கள் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் அனுபவத்தில் கண்டன. தாயும் தந்தையும் உழைப்பார்கள். வளரும் பிள்ளைகளும் அதே தோட்டத்தில் வேலைக்கு இறங்குவார்கள். 1922 இல் இயற்றப்பட்ட இந்தியக் குடியேற்றச் சட்டமும் அதன் விதிகளும், தனி ஆண்களை மட்டுமே அள்ளிச்செல்வதைக் கட்டுப்படுத்தி, பெண்களின் விகிதத்தை உயர்த்த முயன்றன. அப்படியிருந்தும் 1931 இல் மலாயா இந்தியர்களில் பெண்கள், ஆண்களின் தொகையில் ஏறத்தாழ பாதி அளவே இருந்தார்கள். 1947 இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது.

ஒரு நாள் வேலை

தோட்டப் பெண்ணின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கியது. இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டி, அன்றைக்கான சோற்றை வடித்துவைத்து, கைக்குழந்தையைக் குழந்தைக் காப்பகமான ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டு எனப்பட்ட காலை வருகைக் கணக்கெடுப்புக்கு ஓட வேண்டும். பெரட்டில் எழுத்தரான கிராணி பெயர் வாசிப்பார். மேற்பார்வையாளரான தண்டல் வேலை பிரிப்பார். தாமதமாக வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

பால் மரம் வெட்டுவது பார்வைக்கு எளிது, கைக்குக் கடினம். நேற்றைய வெட்டில் படிந்து காய்ந்த ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுக்க வேண்டும். பிறகு சாய்ந்த கோட்டின் வழியே பட்டையை மெல்லிய சீவலாக இழுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் ஊறாது. கூடினால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். காயம்பட்ட மரத்துக்குத் தண்டலிடம் திட்டு வாங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும் என்பதால், முன்னூறுக்கு மேற்பட்ட மரங்களைக் காலைக் குளிர் விலகுமுன் வெட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் பால் பிடிக்க ஒரு மங்கு. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, திரும்பவும் அதே நிரையில் நடந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டிய வாளிகளைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பாலை நிறுத்து, அதில் எவ்வளவு ரப்பர் தேறும் என்று சோதித்துக் கணக்கு எழுதுவார்கள். மழை பெய்தால் பாலெல்லாம் நீரோடு வழிந்து போகும். அன்றைய உழைப்பும் அதோடு போகும்.

வெளிக்காட்டு வேலை செய்த பெண்கள் களை எடுத்தார்கள், புல் வெட்டினார்கள், உரம் போட்டார்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் பெரும்பாலும் இந்தக் குறைந்த கூலி வேலைகளில்தான் விடப்பட்டார்கள். பிற்பகலில் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டுக்குத் திரும்பியதும் விறகு, தண்ணீர், துணி, சமையல், காய்கறிப் பாத்தி, ஆடு மாடு என்று இரண்டாவது வேலைநாள் காத்திருக்கும். இந்த இரண்டாவது நாளுக்குக் கூலிக் கணக்கேடான செக்ரோலில் இடம் கிடையாது.

கூலியும் சட்டமும்

ஆண் பெண் கூலி வேறுபாடு வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. அரசு வகுத்த நியதிக் கூலியிலேயே அது எழுதப்பட்டிருந்தது. 1927 இல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்தார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அது 1930 இல் 40 காசு, 32 காசு என்று இறங்கியது. 1932 இல் 28 காசு, 24 காசு வரை சரிந்தது. பெண்ணின் தேவை குறைவு, அவள் வருமானம் குடும்பத்துக்கு உபரி என்பதே இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். உண்மையில் கணவன் மனைவி இருவரின் கூலியும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பத்துக்கு அரிசியும் உப்பும் கிடைத்தன.

1923 ஆம் ஆண்டின் கூட்டு மலாய் மாநிலத் தொழிலாளர் சட்டம் பேறுகாலப் படி, குழந்தைக் காப்பகம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் தோட்டப் பள்ளி ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. இதையொத்த விதிகள் கெடாவிலும் வந்தன. ஆயா கொட்டகையும் தோட்டத் தமிழ்ப் பள்ளியும் இவ்வாறே பரவின. தாய் கவலையின்றிக் காட்டில் நிற்க வேண்டும் என்ற முதலாளியின் தேவையும் இந்த ஏற்பாடுகளில் கலந்திருந்தது. என்றாலும் அப்பள்ளிகளே தோட்டங்களில் தமிழை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றன.

ஆண்கள் மிகுந்தும் பெண்கள் குறைந்தும் இருந்த லயங்களில் இல்லறம் எளிதில் குலைந்தது. தோட்டங்களில் நடந்த திருமணங்களுக்குப் பதிவு இல்லை. ஒரு பெண் துன்புறுத்தும் கணவனைவிட்டு வேறொருவரோடு வாழப்போனால், அவளை ஒருவன் மயக்கி அழைத்துச் சென்றதாகவே நீதிமன்றத்தில் வழக்கு வரும். அவள் தானே எடுத்த முடிவு என்று எவரும் எழுதமாட்டார்கள். மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி 2021 இல் நூல் வெளியிட்ட வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா, இத்தகைய வழக்குகளிலிருந்தே அப்பெண்களின் சொந்த முடிவுகளையும் தந்திரங்களையும் மீட்டெடுத்துக் காட்டினார். ஒழுக்கக்கேடானவர்கள் என்று அதிகாரிகள் எழுதிவைத்த சொல்லுக்குப் பின்னால், உயிரையும் மானத்தையும் காத்துக்கொள்ள முயன்ற பெண்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெண் கைதிகள்மீதும் அதே பழிச்சொல்தான் நூறாண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீழ்ச்சி, போர், கிளர்ச்சி

ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. நிலைமையைப் பார்வையிட இந்திய அரசின் சார்பில் வந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, கங்காணி ஆள்சேர்ப்பு தேவையில்லை என்று 1937 இல் அறிக்கை அளித்தார். கூலி மீண்டும் குறைக்கப்பட்டதையடுத்து, 1938 ஜூன் மாதத்தில் பயணக் கட்டண உதவியோடு மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குப்பின் தோட்டத்துக்குத் தேவையான தொழிலாளர் பெருமளவுக்குத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள்தாம். பெண்களின் பிள்ளைப்பேறும் வளர்ப்பும் இல்லாமல் தோட்டத் தொழில் தொடர வழியே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவில் நுழைந்தனர். ரப்பர் வாணிகம் நின்றுபோனது. சயாம்-பர்மா ரயில் பாதைக்காகப் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள்; பெருந்தொகையானோர் திரும்பவில்லை. ஆண் துணையற்ற பெண்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அதே காலத்தில், 1943 இல், டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களின் இளம்பெண்கள் பலர் சேர்ந்தார்கள். அதுவரை தோட்ட மேலாளரான துரையின் முன் தலைகுனிந்து நின்ற குடும்பங்களின் பெண்கள் சீருடை அணிந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள்.

போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இயக்கத்தில் அந்தத் துணிச்சல் வெளிப்பட்டது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி இவ்வியக்கத்தின் முன்னணித் தலைவர். கள்ளுக்கடைகளை மூடவும், தோட்டத்தில் ஒழுங்கும் மரியாதையும் வரவும் தொண்டர்கள் போராடினார்கள். கூலி வாங்கிய நாளிலேயே கணவனின் பணம் கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்டு நொந்த பெண்களுக்கு இது சொந்தப் போராட்டம். 1947 இன் தொடக்கத்தில் பீடோங்கில் காவலர்களோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் கூலிம் மாவட்டத்தின் டப்ளின் தோட்டத்தில் காவலர்கள் சுட்டதில் மற்றொரு தொழிலாளி இறந்தார். தலைவர்கள் கைதானார்கள், 1948 இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டபின் இயக்கங்கள் ஒடுங்கின. 1954 இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தை வழியில் கூலிப் பிரச்சினைகளைக் கையிலெடுத்தது.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

விடுதலைக்குப்பின்னும் தோட்டப் பெண்களுக்குப் புதிய இடர்கள் வந்தன. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. 1969 இல் வேலை அனுமதி முறை நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் தவித்தார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரப்பர் அழிக்கப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டபோது, குலை வெட்டும் வேலை ஆண்களுக்கும் பூச்சிமருந்து தெளிக்கும் வேலை பெண்களுக்கும் என்று பிரிந்தது. முதுகில் மருந்துத் தொட்டியோடு நடந்த பெண்களின் நகம், தோல், கண் பாதிப்புகளைத் தெனாகனித்தா என்ற பெண்கள் அமைப்பு 2002 இல் வெளியிட்ட ஆய்வு வெளிக்கொணர்ந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி அவ்வாண்டு தடை செய்யப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டு, 2020 இல்தான் முற்றாகத் தடையானது.

1972 இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வலயம் தொடங்கியதும், தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டங்களின் வாசலுக்கு வந்தன. லயத்தில் பிறந்த பெண்கள் மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போனார்கள். 1985 இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது பயணத்தை எளிதாக்கியது. 1996 இல் தோட்டங்கள் சூழ்ந்த நிலப்பரப்பில் நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாகக் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல், இன்பினியோன், பர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்கள் அங்கு ஆலை அமைத்தன. பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற வட்டாரத்தில் பேத்தி இரவு ஷிப்டுக்குப் போகிறாள்.

மாறிய காலத்தில் மாறாத ஓர் உண்மையை இவ்வரலாறு காட்டுகிறது. கெடாவின் ரப்பர்ச் செல்வத்தில் பெண்களின் பங்கு துணைப் பங்கு அல்ல. அவர்கள் பால் வெட்டியதோடு, தோட்டத்துக்குத் தொழிலாளர்களையும் பெற்று வளர்த்தார்கள். முதல் வேலைக்கு ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பெற்றார்கள், இரண்டாவதற்கு எதுவும் பெறவில்லை. ஆஸ்திரேலியாவில் பெண் கைதிகளின் வழித்தோன்றல்கள் ஆவணங்களைத் தேடி, பெயர்களைத் தொகுத்து, பழிச்சொல்லை நீக்கிவிட்டார்கள். கூலிம் தோட்டங்களின் செக்ரோல்களும் பள்ளிப் பதிவேடுகளும் தோட்டங்களோடு சேர்ந்து அழிந்து வருகின்றன. பால் வெட்டிய கடைசித் தலைமுறைப் பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே கேட்டு எழுதிவைப்பது அவர்களுடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கடமை.